ஒரே ஒரு சரியான விடை

எனக்கு பீட்சா பிடிக்காது, மேடம். பதினாலு வருஷமாக அதை விற்கிறேன், ஆனால் வீட்டில் எனக்கு இரண்டு அவித்த முட்டையும் ரொட்டியும் போதும். "ஊருக்கெல்லாம் ஊட்டிவிட்டுட்டு இங்க வந்து முட்டைய உரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்று என் மனைவி கேலி செய்வாள். விற்கிறவனுக்குத் தன் சரக்கின் மேல் ஆசை இருந்தால் கண் மறைத்துவிடும் என்பது என் கட்சி. எனக்கு எதுவும் கண்ணை மறைத்ததில்லை.

மச்சான் நேற்று இந்த ஸ்டேஷனுக்கு வந்து அழுததாகக் கேள்விப்பட்டேன். என் மனைவியின் அண்ணன் அவர். தங்கமான மனிதர். ஆனால் அடுப்பு முன்னாலேயே நின்று பழகியவருக்குக் கோர்வையாகப் பேச வராது. தலையைச் சொல்லும்முன் வாலைச் சொல்வார், நடுவில் மூக்கைச் சிந்துவார். அதை வைத்து நீங்கள் அறிக்கை எழுதினால் மண்டைக் குடைச்சல்தான் மிஞ்சும். அதனால் நானே வந்துவிட்டேன். எங்கள் பத்தொன்பதாம் கிளையை நடத்தும் அக்கா இருபத்திரண்டு நாளாக உள்ளே இருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். அவர் வெளியே வர வேண்டுமானால் முதலிலிருந்து ஒழுங்காகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

முதல் கடை ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் இருந்தது. நாலு மேஜை, ஒரு அடுப்பு. மச்சான் மாவைப் பிசைந்து, தட்டி, சுட்டு, பெட்டியில் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவரே காசும் வாங்குவார். நான் அப்போது வீடு வீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் கருவி விற்றுக்கொண்டிருந்தேன். கல்யாணமான ஆறாம் மாதம் மச்சான் கூப்பிட்டார். "மாப்ள, எனக்குச் செய்யத் தெரியும், விக்கத் தெரியல. உங்களுக்குச் செய்யத் தெரியாது, ஆனா கல்லையும் வித்துடுவீங்க. வாங்களேன்" என்றார். போனேன்.

முதல் வேலையாகப் புகைக்குழாயைத் திருப்பினேன். பின்சந்துக்குப் போய்க்கொண்டிருந்த வாசனையை, முன்னால் இருந்த பேருந்து நிறுத்தத்தைப் பார்க்கும்படி வைத்தேன். மாலை ஐந்தரை மணிக்கு அங்கே நிற்பவர்கள் வேலை முடிந்து பசியோடு நிற்பவர்கள். ஒரு வாரத்தில் கூட்டம் இரட்டிப்பானது. அடுத்து, பெட்டியின் மூடியில் குழந்தைகளுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர் ஒன்றை அச்சடித்தேன். புதிர் மாதம் ஒருமுறை மாறும். குழந்தை பிடிவாதம் பிடித்தால் பெரியவர்கள் எத்தனை நேரம் தாங்குவார்கள், சொல்லுங்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கும்.

இப்போது சாஸ் விஷயத்துக்கு வருகிறேன். அது ஒரு விபத்தில் பிறந்தது. ஒருநாள் தக்காளி சரியில்லை, சாஸ் தண்ணீராக ஓடியது. மச்சான் கொறித்துக்கொண்டிருந்த வறுத்த வேர்க்கடலையை அப்படியே மிக்ஸியில் போட்டுப் பொடித்துக் கொட்டிக் கிளறினார். சாஸ் கெட்டியானது. அன்றைக்குச் சாப்பிட்டவர்கள் மறுநாள் திரும்பி வந்து, "நேத்து மாதிரியே குடுங்க" என்று கேட்டார்கள்.

மச்சானுக்கு வாய் சும்மா இருக்காது. யார் கேட்டாலும், "கடலைங்க, வறுத்த கடலை" என்று சொல்லிவிடுவார். ஒருமுறை ஒரு தபால்காரர் அதைக் கேட்டுவிட்டு, "ஐயோ, எனக்குக் கடலை ஆகவே ஆகாதுங்க. சாஸ் இல்லாம ஒண்ணு போட்டுக் குடுங்க" என்றார். சாஸ் இல்லாமல் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, சிரித்துப் பேசிவிட்டுப் போனார். அவ்வளவு சுலபமாக முடிந்த விஷயம் அது. எனக்கு அப்போது அது வியாபாரத்துக்கு இடைஞ்சலாகத்தான் பட்டது.

அன்று கடை மூடும்முன் மச்சானிடம் சொன்னேன். "மச்சான், இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க. சொன்னா அது வெறும் கடலை. சொல்லலைன்னா அது ரகசியம்." மச்சான் வாய்விட்டுச் சிரித்தார். "பொல்லாத ஆளு மாப்ள நீங்க" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் பேச்சை அவர் தட்டியதே இல்லை, நேற்று வரைக்கும்.

எங்கள் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். சாஸில் சேரும் ஆறு பொருள்களின் படம் வரிசையாக இருக்கும், ஏழாவது இடத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கும். எங்களை வளர்த்தது அந்தக் கேள்விக்குறிதான். மாவு எல்லோரும் பிசையலாம், சீஸ் எல்லோரும் துருவலாம். கேள்விக்குறி எங்களிடம் மட்டும்தான் இருந்தது. எங்கள் பெயரில் கிளை நடத்த ஃபிரான்சைஸ் கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். மத்திய சமையலறையில் சாஸ் அறைக்குத் தனிப் பூட்டு போட்டேன். சாவி மச்சானிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. கிளைகளுக்கு சாஸ் ஒட்டிய பொட்டலமாகப் போகும், வெட்டி ஊற்ற வேண்டியதுதான். அதில் என்ன இருக்கிறது என்று கிளைக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அரசாங்கப் படிவத்தில் மசாலாக் கலவை என்று எழுதி முடித்துக்கொண்டேன். எங்கே சாப்பிட்டாலும் ஒரே ருசி என்பது எங்கள் வாசகம். நாற்பத்து மூன்று கிளையிலும் அதைக் காப்பாற்றினேன்.

கிளை நடத்துபவர்களுக்கு ஒரு கையேடு உண்டு. முழுக்க நான் எழுதியது. கதவருகே எத்தனை நொடிக்குள் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது வரை அதில் இருக்கும். பதினாலாம் பக்கம், ஒத்துக்கொள்ளாத உணவு பற்றி வாடிக்கையாளர் கேட்டால் படித்துக் காட்ட வேண்டிய பட்டியல். பட்டியலின் முடிவில் ஒரு வரி: 'இதில் இல்லாத எதுவும் எங்கள் உணவில் இல்லை.' அந்த வரியின் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலில் ஏழாவது பொருள் இல்லை. கேள்விக்குறியைப் பட்டியலில் போட முடியாதல்லவா.

பத்தொன்பதாம் கிளை அக்கா அந்தக் கையேட்டை மனப்பாடம் செய்த ஒரே ஆள். முப்பது வருஷம் தொலைபேசி நிலையத்தில் இருந்தவர், எழுதிக் கொடுத்ததை ஒரு எழுத்துப் பிசகாமல் படிக்கிற பழக்கம் ஊறிப்போனவர். பயிற்சி வகுப்பில் மற்றவர்கள் கொட்டாவி விட்டபோது அவர் அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தார். "தம்பி, இதுல எல்லாமே இருக்கு. நாம யோசிக்க வேண்டிய வேலையே இல்ல" என்று என்னைப் பாராட்டினார். கையேட்டை எழுதியவனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. இரண்டு வருஷம் சிறந்த கிளைக்கான கேடயம் அவருக்குத்தான் கொடுத்தோம்.

நாற்பத்து மூன்றாவது கிளை திறந்தபோது போட்டி வைத்தேன். ஏழாவது பொருளைக் கண்டுபிடியுங்கள். சரியான விடைக்குப் பரிசு, ஆயுள் முழுக்கக் குடும்பத்துக்கே இலவச பீட்சா. ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு அட்டை. எண்பதாயிரத்துக்கு மேல் வந்தன. அலுவலகத்தில் ஒரு அறையே அட்டை மூட்டைகளால் நிரம்பியது. நானே உட்கார்ந்து படித்தேன். ஜாதிக்காய் என்றார்கள், காப்பித்தூள் என்றார்கள், தேன் என்றார்கள். ஒருவர், 'மாமியாரின் கண்ணீர்' என்று எழுதியிருந்தார். இன்னொருவர், 'முதலாளியின் மனசாட்சி' என்று எழுதியிருந்தார். அதைப் படித்து நான் ரொம்ப நேரம் சிரித்தேன்.

ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. இத்தனை பேரின் நாக்கை ஒரு பொடி ஏமாற்றுகிறது என்றால் அதில் ஒரு பெருமை இருக்கிறது, மேடம். அப்போதுதான் அந்த அட்டை வந்தது.

பச்சை ஸ்கெட்ச் பேனாவில், குழந்தைக் கையெழுத்து. 'வேர்க்கடலை. என் உதடு சொல்லிச்சு.' பக்கத்தில் வீங்கிய உதட்டோடு ஒரு முகம் வரைந்திருந்தாள். கீழே அவள் அம்மா நீல மையில், முத்து முத்தாக எழுதியிருந்தார். தாம் ஒரு நூலகர், மகளுக்கு ஒன்பது வயது, வேர்க்கடலை அவளுக்கு ஆகாது, போன வாரம் உங்கள் பீட்சா சாப்பிட்டபின் உதடு தடித்து ஒரு மணி நேரத்தில் வடிந்தது, இதில் வேர்க்கடலை இருக்கிறதா என்று தயவுசெய்து தெரிவிக்கவும். முகவரி, தொலைபேசி எண், எல்லாம் சுத்தமாக இருந்தது.

எனக்கு முதலில் வந்தது மரியாதை. எண்பதாயிரம் பேரில் ஒரே ஒரு நாக்கு. மனதுக்குள் அவளுக்குச் சின்ன நடுவர் என்று பெயர் வைத்தேன். அட்டையை மூட்டையில் போட மனம் வரவில்லை. என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மச்சானிடம் மட்டும் சொன்னேன். "வேணாம் மாப்ள. பொடியையே நிறுத்திடலாம். இல்லைன்னா பெட்டி மேலேயே எழுதிடலாம். சின்னப் புள்ள, மாப்ள" என்றார்.

"நிறுத்தினா ருசி மாறிடும். எழுதினா நாளைக்கே எதிர்க்கடைக்காரன் கடலைய அரைக்க ஆரம்பிச்சுடுவான். நாப்பத்து மூணு குடும்பம் நம்மள நம்பி இருக்கு மச்சான்" என்றேன்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். பொடியைப் பாதியாகக் குறைத்து, இன்னும் நைசாக அரைத்து, இரண்டு தடவை சலிப்பது. கெட்டியாவதற்கு வேறு மாவு சேர்ப்பது. மச்சான் அரைமனதாகச் செய்து கொடுத்தார். நான் ருசித்துப் பார்த்தேன், வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் என் நாக்கை நம்பி என்ன பயன்? எனக்குத்தான் பீட்சா பிடிக்காதே. பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பலாம் என்றால் அங்கே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். தெரிந்து சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார்.

அவள் அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். எங்கள் முத்திரை போட்ட தாளில், என் கையெழுத்தோடு. 'தங்கள் அக்கறைக்கு நன்றி. முழுமையாக விசாரித்தோம். எங்கள் உணவில் வேர்க்கடலை எந்த வடிவிலும் இல்லை என்று உறுதி கூறுகிறோம். தங்கள் மகளுக்கு வேறு ஏதோ ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம். எங்கள் அன்பின் அடையாளமாக, அவளுக்குப் பிடித்த ஒரு பீட்சா.' கூடவே பத்தொன்பதாம் கிளைக்கு ஒரு கூப்பன். முன்கூட்டி நேரம் சொல்லிவிட்டு வர வேண்டும் என்று கூப்பனில் போட்டிருந்தேன். அந்த நேரம் எனக்கும் தெரிய வேண்டியிருந்தது.

நான் கெடுதல் நினைத்து எழுதவில்லை. அவள் சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால் அவளைப் போன்ற எல்லாக் குழந்தைகளுக்கும் எங்கள் பீட்சா ஆபத்தில்லை என்று தெரிந்துவிடும். ஏதாவது ஆனால் உதடு தடிக்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும், நான் பொடியை இன்னும் குறைப்பேன். ஒரு பொறுப்புள்ள நிறுவனம் செய்ய வேண்டியதுதான் இது.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர்கள் வந்தார்கள். நான் மூலை மேஜையில் காப்பியும் குறிப்பேடுமாக உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மஞ்சள் கவுன், முன்பல் ஒன்று விழுந்திருந்தது. அம்மா மேஜையில் உட்காரவில்லை. நேராக அக்காவிடம் போய், "தப்பா நினைக்காதீங்க, ஒரு தடவை கேட்டுக்கறேன். இதுல வேர்க்கடலை ஏதாவது இருக்கா?" என்றார்.

அக்கா கையேட்டை எடுத்தார், பதினாலாம் பக்கத்தைத் திறந்தார், பட்டியல் முழுவதையும் படித்தார். கடைசி வரியைப் புத்தகத்தைப் பார்க்காமலே சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், சரியாகச் சொன்னேனா என்பது போல. நானும் தலையசைத்தேன்.

"பாத்தியா, நான் கேட்டுட்டேன். தைரியமா சாப்பிடு" என்று அம்மா மகளிடம் சொன்னார். "அப்போ என் உதடு பொய் சொல்லிடுச்சாம்மா?" என்று அவள் கேட்டாள். கடையில் எல்லோரும் சிரித்தார்கள்.

குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதினேன். மூன்று நிமிடம், ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம், இரண்டாவது துண்டு. எட்டாவது நிமிடம், மூக்கைத் தேய்த்தாள். பத்தாவது நிமிடம், தண்ணீர் கேட்டாள். பன்னிரண்டாவது நிமிடம் இருமல். பிறகு இருமலில் சத்தம் வரவில்லை.

பாதி என்றால் பாதிதான் பாதிக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லையாம். முதல் தடவை உதட்டோடு போனது அடுத்த தடவை தொண்டைக்குப் போகுமாம். பிற்பாடு டாக்டர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முன்னாலேயே யாரையாவது கேட்டிருக்கலாம்.

மாடியில் இருந்த பல் டாக்டர் கையில் ஒரு பெட்டியோடு ஓடிவந்தார். இதுவரை நான் உங்களுக்குச் சொல்லாத இடம் இதுதான். சாட்சி சொன்ன பதினோரு பேரில் எட்டாவதாக நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், ஆனால் இதை அதில் சொல்லவில்லை. "குழந்தைக்கு எது ஒத்துக்காது?" என்று அவர் கேட்டார். "வேர்க்கடலை. ஆனா இதுல இல்லைன்னு எழுதியே குடுத்திருக்காங்க சார்" என்று அந்த அம்மா கைப்பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து நீட்டினார். அக்காவும், "இல்லைங்க, சத்தியமா இல்லை" என்றார். டாக்டர் கடிதத்தைப் பார்த்தார். "அப்போ தொண்டையில சிக்கியிருக்கு" என்று சொல்லி அவளைக் குனிய வைத்து முதுகில் தட்ட ஆரம்பித்தார்.

கடலை ஒத்துக்கொள்ளாமல் மூச்சடைத்தால் போட வேண்டிய ஊசி அவர் பெட்டியில் இருந்தது. அவரே உங்களிடம் சொல்லி அழுதிருக்கிறார், வாக்குமூலத்தில் படித்தேன். நான் நாலடி தூரத்தில் இருந்தேன். 'இருக்கு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கடையில் பதினோரு பேர் இருந்தார்கள், இரண்டு பேர் கையில் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. தொண்டையில் சிக்கியதாகவும் இருக்கலாம் அல்லவா? டாக்டரே சொல்கிறார், நான் யார் குறுக்கே பேச? ஆம்புலன்ஸ் வர ஒன்பது நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் அந்த வார்த்தை என்னிடம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் நிர்வாக வேலை. ஒரு மணி நேரத்துக்குள் தரப் பரிசோதனை என்று சொல்லி வண்டி அனுப்பி, அந்தக் கிளையின் சாஸ் பொட்டலங்களைத் திரும்ப எடுத்தேன். பொடியே சேர்க்காத சாஸ் வைத்தேன். உங்கள் ஆட்கள் சீல் வைத்து எடுத்துப்போனது அதைத்தான். மச்சான் ஒரு கேள்வியும் கேட்காமல் கிண்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவர் அடுப்பைத் தொடவில்லை.

உங்கள் பரிசோதனையில், தட்டில் மிச்சம் இருந்த துண்டில் கடலை இருந்தது, சாஸ் பொட்டலத்தில் இல்லை. அப்படியானால் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்டீர்கள். அக்காவுக்கு உப்புக்கடலை கொறிக்கிற பழக்கம் உண்டு. பின்னறை மேஜையில் ஒரு டப்பா எப்போதும் இருக்கும், போகிறபோதெல்லாம் எனக்கும் ஒரு கை அள்ளிக் கொடுப்பார். அந்த டப்பாவைப் பற்றி உங்களிடம் சொன்னது நான்தான். திறந்திருந்ததைப் பார்த்தேன் என்றும் சொன்னேன்.

அக்கா மறுக்கவில்லை என்கிறார்கள். கை கழுவினேனா இல்லையா என்று தமக்கே ஞாபகமில்லை, தம் கையால்தான் குழந்தை போயிருக்கும் என்று அவரே நம்பிவிட்டாராம். சாப்பிடுவதில்லையாம். அதைக் கேட்டபோது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவர் கழுவினார், மேடம். நான் பார்த்தேன், கையேட்டில் சொன்னபடி இருபது நொடி. அதை அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கையில் ஒன்றும் இல்லை. சாஸில் இருந்தது, இருந்தது எனக்குத் தெரியும், தெரிந்தே வரவழைத்தேன், தெரிந்தே வாயை மூடிக்கொண்டிருந்தேன். இந்த வரியை அப்படியே எழுதிக்கொள்ளலாம்.

இதோ என் குறிப்பேடு. கடைசியாக எழுதிய வரியையும் பாருங்கள். பதினாலாவது நிமிடம், 'கண்டுபிடித்துவிட்டாள்.' கை நடுங்காமல் எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. இது என் இழுப்பறைச் சாவி. உள்ளே அந்த அட்டை பத்திரமாக இருக்கிறது. போட்டி இந்த மாதம் முப்பதாம் தேதி முடிகிறது, வேறு யாரும் சரியாக எழுதவில்லை. விதிமுறைப்படி பரிசு அவளுக்குத்தான், குடும்பத்துக்கே ஆயுள் முழுக்க. அவள் அம்மாவிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்ததை மாற்றிப் பேசுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.